கர்ப்பப்பை எடுத்த பிறகு ஹார்மோன்: மாத்திரை, பேட்ச், ஜெல் மூன்றும் போட்ட ஒற்றைத் தலைவலிக்காரியின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்து, ஏற்கெனவே ஒற்றைத் தலைவலியும் இருந்தால், ஹார்மோனைத் தோல் வழியாகப் போடுவது வாய் வழியாகப் போடுவதைவிட எவ்வளவோ மேல். அதிலும் தினமும் தடவுகிற எஸ்ட்ராடியால் (எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகை) ஜெல்தான் எனக்கு ஒத்துப்போனது. தோலில் ஒட்டிக்கொள்கிற பேட்ச் நல்ல பொருள், ஆனால் சில குறைகள் உண்டு. மாத்திரை என் தலைக்கு ஆகவில்லை. இது மூன்றையும் டாக்டர் எழுதிக்கொடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவது. நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த விஷயத்தைப் பற்றித் தமிழில் ஒருவர் விளக்கமாக எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்ததால் எழுதுகிறேன்.

நான் இருப்பது லண்டன் ஹாரோ பக்கம், சொந்த ஊர் கும்பகோணம். பதின்ம வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு, மாதவிடாய்க்கு முந்தின நாள் வரும், வாந்தி வரும், இருட்டறையில் படுத்தால் அடுத்த நாள் எழுந்துவிடுவேன். நாற்பதைத் தாண்டியதும் ஃபைப்ராய்டு என்கிற கர்ப்பப்பைக் கட்டி பெரிதாகி ரத்தப்போக்கு தாங்க முடியாமல் போய், சினைப்பைகளிலும் கட்டி இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். 43 வயதில். மாதவிடாயே இனி இல்லை, அதனால் தலைவலியும் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நர்ஸ் ஒருவர்கூடச் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார். நடந்தது நேர்மாறு. அறுவை முடிந்து மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்தில் பாதி நாள் தலைவலி.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய கையேட்டில் தையல், மலச்சிக்கல், எப்போது கார் ஓட்டலாம், எவ்வளவு எடை தூக்கலாம் எல்லாம் இருந்தது. தலைவலி என்று ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமே இல்லை. 1972லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில், ரத்தத்தில் சினைப்பை சுரக்கிற எஸ்ட்ரோஜன் ஏறி நின்று பிறகு சரிகிறபோதுதான் மாதவிடாய் ஒற்றைத் தலைவலி கிளம்புகிறது என்று எழுதிவிட்டார். 1993ல் இத்தாலியில் செய்த ஆய்வொன்றில், இயற்கையாக மாதவிடாய் நின்ற பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒற்றைத் தலைவலி குறைந்திருந்தது, அறுவையால் நின்றவர்களில் கிட்டத்தட்ட அதே அளவு பெண்களுக்குக் கூடியிருந்தது. இயற்கையாக நிற்கும்போது சினைப்பை பல வருடம் எடுத்துக்கொண்டு மெல்ல ஓய்கிறது. ஆபரேஷனில் ஒரே மத்தியானத்தில் ஓய்கிறது. ஏற்கெனவே ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்குக் கூசுகிற மூளை அதை எப்படித் தாங்கும்?

கூடவே உடம்பு கொதிப்பு வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து நெருப்பு ஏறும், நைட்டி நனையும், போர்வையைத் தள்ளினால் குளிரும். தூக்கம் கெட்டாலே தலைவலி வருகிற உடம்பு இது, அப்புறம் கேட்க வேண்டுமா. எது எதனால் வருகிறது என்றே பிரிக்க முடியாத மாதிரி ஒரு சுழலில் மாட்டிக்கொண்டேன்.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

முதலில் கொடுத்தது எஸ்ட்ராடியால் மாத்திரை, தினம் ஒன்று. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஒரு வசதி, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைச் சேர்க்க வேண்டியதில்லை, எஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம் என்பதற்காகத்தான் மற்றவர்களுக்கு அதைச் சேர்க்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது) இருந்து, அந்தத் திசு வயிற்றுக்குள் மிச்சம் இருக்கிறவர்களுக்கு மட்டும் கர்ப்பப்பை எடுத்த பிறகும் சில சமயம் சேர்த்துக் கொடுப்பார்கள், அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையால் கொதிப்பு குறைந்தது, அதை மறுக்கவில்லை, சில வாரத்திலேயே ராத்திரி தூங்க ஆரம்பித்தேன். ஆனால் தலைவலி ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது, விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு இடது கண்ணுக்குப் பின்னால் குத்திக்கொண்டு எழுப்பும். நான் மாத்திரை போடுவது காலைச் சாப்பாட்டோடு. அதாவது முந்தின நாள் போட்டது தேய்ந்துபோயிருக்கும் நேரத்தில்தான் வலி. டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் ஜிபி, அதாவது இங்கே நம் குடும்ப டாக்டர், ஒப்புக்கொண்டார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வாயில் போடுவது குடலில் இறங்கிக் கல்லீரலைத் தாண்டித்தான் ரத்தத்துக்கு வருகிறது, பெரும்பகுதி அங்கேயே உருமாறிவிடுகிறது, அதனால்தான் மில்லிகிராம் கணக்கில் விழுங்க வேண்டியிருக்கிறது. அளவு ஏறும், இறங்கும். அத்தோடு கல்லீரல் வழியாகப் போகிற எஸ்ட்ரோஜன் ரத்தம் உறைய உதவுகிற பொருள்களையும் கூட்டிவிடுகிறது. எங்கள் ஊரில், கொல்லையில் தென்னைக்கு மோட்டார் போட்டு மொத்தமாகப் பாய்ச்சிவிட்டு அணைப்பதும் உண்டு, சொட்டுநீர் போடுவதும் உண்டு. மாத்திரை முதல் வகை, பேட்ச்சும் ஜெல்லும் இரண்டாவது. ஒற்றைத் தலைவலிக்காரிக்கு எவ்வளவு ஹார்மோன் என்பதைவிட அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அடுத்து பேட்ச். இங்கே எவோரல், எஸ்ட்ராடாட் என்று சில பெயர்களில் வருகிறது, பெரும்பாலானவை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுவது, 25, 50, 75, 100 என்று அளவுகள், அந்த எண் ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகிற மைக்ரோகிராம். இடுப்புக்குக் கீழே, பின்புறத்திலோ தொடையின் மேல்பகுதியிலோ ஒட்ட வேண்டும், மார்பில் ஒட்டவே கூடாது, ஒட்டிய இடத்திலேயே அடுத்ததை ஒட்டக் கூடாது. நான் திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பெனி பேட்ச் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவர் தோலுக்கும் ஒவ்வொன்று ஒட்டும்.

போட்டவுடன் எனக்குத் தெரிந்த முதல் மாற்றம், விடியற்காலை வலி போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, அலாரம் அடித்து எழுந்த முதல் காலையில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஆனால் மாற்றுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் தலை லேசாகக் கனக்கும், பேட்ச்சின் கடைசி நேரத்தில் அளவு கொஞ்சம் இறங்குவது சிலருக்கு இப்படித் தெரியும் என்றார் மருந்தாளர். இன்னொன்று பசை. குளித்துவிட்டு உடனே ஒட்டினால் ஒட்டாது, உடம்பு நன்றாகக் காய்ந்து, எண்ணெயோ லோஷனோ இல்லாத இடத்தில் வைத்து உள்ளங்கையால் சூடேறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் உட்கார்ந்து எழுகிற இடத்தில் ஓரம் மடிந்து, உள்பாவாடை நூலெல்லாம் அதில் ஒட்டிக் கறுப்பாக ஒரு சட்டம் போட்ட மாதிரி கோடு நிற்கும். எடுத்த பிறகு அந்தப் பசை சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டால் உருண்டு வந்துவிடும். அடுத்த பேட்ச்சை அந்த இடத்தில் வைக்கப்போவதில்லை என்பதால் எண்ணெயால் பாதகமில்லை. தோல் சிவந்து அரிப்பதும் இருந்தது, வெயில் காலத்தில் அதிகம். இதனால்தான் ஜெல்லுக்கு மாறினேன், வேறு பெரிய குறை பேட்ச்சில் இல்லை. தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், வியர்வை அதிகம் இல்லாதவர்கள் பேட்ச்சையே முதலில் கேட்கலாம்.

இப்போது ஜெல். பிரிட்டனில் பம்ப் பாட்டிலில் வருவது ஈஸ்ட்ரோஜெல், சின்னப் பாக்கெட்டுகளில் வருவது சாண்ட்ரெனா, முன்கையில் அடித்துக்கொள்கிற லென்செட்டோ என்ற ஸ்ப்ரேயும் உண்டு. பம்ப் ஜெல்லில் ஒரு அழுத்துக்கு 1.25 கிராம் ஜெல் வரும், அதில் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடியால். வழக்கமாக இரண்டு பம்ப்பில் ஆரம்பிப்பார்கள், 50 பேட்ச்சுக்கு ஏறக்குறைய அதுதான் சமம். தேவைப்பட்டால் நாலு பம்ப் வரை கூட்டுவார்கள். புதுப் பாட்டிலில் முதல் அழுத்து அளவாக வராது, அதை வழித்து எறிந்துவிட வேண்டும்.

எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நிறமே இல்லாத கூழ், கையில் விழுந்தவுடன் ஜில்லென்று இருக்கும், சானிடைசர் மாதிரி ஒரு சாராய வாசம் வரும், தடவிக் கொஞ்ச நேரத்தில் வாசமும் போய்விடும். தோளிலிருந்து முழங்கை வரை கையின் வெளிப்பக்கத்தில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், இல்லையென்றால் தொடையின் உள்பக்கத்தில். கிரீம் மாதிரி தேய்த்து உள்ளே இறக்கத் தேவையில்லை, பரப்பிவிட்டு விட்டால் போதும், அதுவே காயும். சின்ன இடத்தில் குவித்து வைத்தால் காயவே காயாது, பிசுபிசுவென்று நிற்கும். நான் குளித்து முடித்துத் துவட்டியவுடன் ஒவ்வொரு கைக்கும் ஒரு பம்ப் தடவிவிட்டு, தலை வாருவதும் பொட்டு வைப்பதும் ஆகிற நேரத்துக்குள் காய்ந்துவிடுகிறது, அப்புறம்தான் ஜாக்கெட்டோ சட்டையோ போடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவக் கூடாது, வேறு யார் தோலும் அதில் படக் கூடாது. இது முக்கியம், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தடவிய கையோடு தூக்கிவிடாதீர்கள், பூனை நாய் நக்கவும் விடாதீர்கள். தடவிய கையை உடனே கழுவுங்கள். சாராயம் இருப்பதால் காய்வதற்கு முன்னால் அடுப்புப் பக்கமோ விளக்கு ஏற்றவோ போக வேண்டாம். சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர் எல்லாம் அதே இடத்தில் உடனே போட வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம் ரத்தப் பரிசோதனைக்காரரே எனக்குச் சொன்னது, எஸ்ட்ராடியால் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது ஜெல் தடவிய கையில் எடுக்க விடாதீர்கள், தோலில் ஒட்டியிருப்பது கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். அன்றைக்குத் தொடையில் தடவிக்கொண்டு போங்கள்.

ஜெல்லின் பெரிய பலம், அளவை நுணுக்கமாக ஏற்றலாம், இறக்கலாம். தலைவலிக்காரிகளுக்கு இதுதான் உயிர். எனக்கு ஒரு பம்ப்பில் ஆரம்பித்து, சில வாரம் விட்டு ஒன்றரைக்குச் சமமாக ஒரு நாள் ஒன்று ஒரு நாள் இரண்டு என்று கூட்டலாமா என்று பேசினோம், ஆனால் மெனோபாஸ் (மாதவிடாய் நிற்றல்) கிளினிக் டாக்டர் அது வேண்டாம், தினமும் ஒரே அளவு போவதுதான் உங்களுக்கு நல்லது என்று சொல்லி, நேராக இரண்டுக்கு ஏற்றினார். முதல் பத்து நாள் தலை கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் அடங்கியது. பிற்பாடு கொதிப்பு முழுதாக நிற்கவில்லை என்று மூன்றுக்கு ஏற்றியபோது வேறொரு விஷயம் நடந்தது. பார்வையின் ஓரத்தில் பளபளவென்று வளைந்து வளைந்து ஒரு கோடு, மெல்ல விரிந்து படிக்கிற எழுத்தை மறைத்தது, அரை மணி நேரத்தில் போய்விட்டது, பின்னாலேயே வலி. ஆரா என்கிறார்கள். எனக்கு முன்பு அது வந்ததே இல்லை. உடனே போன் செய்தேன். அளவு தேவைக்கு மேல் போனால் சிலருக்கு ஆரா கிளம்பும், குறைத்தால் நிற்கும் என்று சொல்லி மறுபடி இரண்டுக்கே இறக்கினார்கள், திரும்ப வரவில்லை. உங்களுக்கும் முதல்முறையாக வந்தால் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். ஆரா மெல்லப் பரவும். ஒரு நொடியில் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்றால் அது வேறு, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

ஆரா இருக்கிறவர்களுக்கு ஹார்மோனே கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது கருத்தடை மாத்திரைக்கு உள்ள விதி. ஆராவோடு ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால் எஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். அதில் இருப்பது வேறு வகை, வீரியமான எஸ்ட்ரோஜன். தோல் வழியாகக் குறைந்த அளவில் போகிற எஸ்ட்ராடியாலுக்கு அந்தத் தடை இங்கே இல்லை. 2010ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் 50 மைக்ரோகிராம் வரையிலான பேட்ச் போட்டவர்களுக்குப் பக்கவாதம் கூடவில்லை. 2019ல் அதே இதழில் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரை போட்டவர்களுக்குக் கூடியிருந்தது, பேட்ச், ஜெல் போட்டவர்களுக்குக் கூடவில்லை. இது தெரிந்த பிறகுதான் எனக்கு மனம் நிம்மதியானது.

இந்தப் பயம் வீட்டிலும் இருந்தது. அம்மா போனில், "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சேடி, அப்புறம் என்னத்துக்கு ஹார்மோன்? கேன்சர் வரும்னு டிவில சொல்றாங்களே" என்றாள். அம்மாவுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். 2002ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள், மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று உலகமெல்லாம் செய்தி ஆனது. அது எஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் பகுதி. கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதி தனி, அதை 2004ல் நிறுத்தினார்கள், அங்கே காரணம் பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 2020ல் வந்த நீண்டகாலக் கணக்கில் அந்தப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. அவர்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள், சாப்பிட்டது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன் மாத்திரை. 43 வயதில் சினைப்பையை இழந்த பெண் தோலில் ஜெல் தடவுவதை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. இந்த வயதில் எஸ்ட்ரோஜன் இல்லாமல் விட்டால் எலும்பு தேய்வதும் இதய நோயும்தான் பெரிய கவலை, அதனால்தான் இயற்கையாக நிற்கிற வயதான 51 வரையாவது தொடரச் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு இருப்பவர்கள் கதை வேறு, அவர்கள் நிபுணரிடம்தான் பேச வேண்டும்.

ஜெல் வந்ததும் தலைவலி அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. குறைந்தது, வருகிற தலைவலியும் மருந்துக்குக் கேட்கிறது. அந்த மருந்தையும் சொல்ல வேண்டும். டிரிப்டான் வகை ஒற்றைத் தலைவலி மாத்திரையான சுமட்ரிப்டானை வலி ஆரம்பிக்கும்போதே போட வேண்டும், உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் பாதிப் பலன்தான். இங்கே 18 முதல் 65 வயது வரை மருந்துக்கடையிலேயே மருந்தாளர் கேள்வி கேட்டுவிட்டுத் தருவார், இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்குத் தரமாட்டார். குமட்டல் இருந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, அதனால் வாந்திக்கான மாத்திரையைச் சேர்த்துப் போடச் சொன்னார்கள், இது எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது. மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ டிரிப்டான் போட்டால் மருந்தே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும், பாரசிட்டமால் மாதிரிச் சாதாரண வலிமாத்திரைக்கு அது பதினைந்து நாள். கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த வலிமாத்திரை வீட்டிலேயே வேண்டாம் என்பது என் கருத்து. அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்கிற மருந்துகள் தனி, புரோப்ரனலால், கேண்டசார்டன், அமிட்ரிப்டிலின் என்று. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது. எனக்கு கேண்டசார்டன் சின்ன அளவில் ஓடுகிறது, எழுந்து நிற்கும்போது தலை சுற்றியது, தண்ணீர் நிறையக் குடித்தபின் பழகிவிட்டது. எஸ்ட்ரோஜன் எந்த வழியிலும் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் வென்லாஃபாக்சின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள், கொதிப்புக்கும் தலைவலித் தடுப்புக்கும் அதைத் தருவதுண்டு.

சேவை பற்றி. என் ஜிபி அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஹார்மோன் பேசப் போனால் தலைவலிக்கு வேறு நேரம் போடுங்கள் என்பார்கள், தலைவலிக்குப் போனால் அது மகளிர் பிரிவு என்பார்கள். இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது. ஒரு பக்கத் தாளில் அறுவைத் தேதி, சினைப்பை எடுத்ததா இல்லையா, போட்ட மருந்துகள், எந்த மருந்தில் எந்த நேரத்தில் வலி என்று எழுதி எடுத்துப்போன பிறகுதான் மெனோபாஸ் கிளினிக்குக்குப் பரிந்துரை கிடைத்தது. அங்கே கிடைத்த பேச்சு முதல் தரம். பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டியின் தளத்தில் நிபுணர்கள் பட்டியல் இருக்கிறது, ஜிபியிடம் போகும் முன் பார்த்துக்கொண்டு போனால் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

செலவு: இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல் ஹார்மோன் மருந்துக்கென்று வருடச் சான்றிதழ் உண்டு, இரண்டு மருந்துச் சீட்டுக் கட்டணம்தான் விலை, 9.90 பவுண்டு கட்டணத்துக்கு 19.80. அதை வாங்கிவிட்டால் வருடம் முழுக்கப் பட்டியலில் உள்ள பேட்ச், ஜெல் எதை வாங்கினாலும் காசில்லை. மாதம் ஒரு பாட்டில் தேவைப்படுகிற எனக்கு மூன்றாவது பாட்டிலிலிருந்தே லாபம். ஆனால் சுமட்ரிப்டானுக்கும் கேண்டசார்டனுக்கும் இது செல்லாது, அவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டே இலவசம். 2022ல் ஈஸ்ட்ரோஜெல்லுக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்து ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் தரக் கூடாது என்று அரசே கட்டுப்பாடு போட்டது. அந்த நினைப்பில் பாட்டில் தீர்ந்த பிறகு சீட்டுக் கேட்காமல் பாதியில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன், திடீரென்று நிறுத்தினால் மறுபடி அதே சரிவு, அதே தலைவலி.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். திருச்சியில் என் அண்ணிக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பைகளை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாதவிடாய் இல்லை, ஆனால் மாதாமாதம் ஒரே கணக்கில் தலைவலி. "ரத்தமே வரலையே, எப்படி மாசக் கணக்கா வரும்?" என்று அண்ணி கேட்டார்கள். சினைப்பை இன்னும் வேலை செய்கிறது, சுழற்சி நடக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். காலண்டரில் தலைவலி நாளை வட்டம் போட்டுக்கொண்டே வரச் சொன்னேன், மூன்றாம் மாதத்தில் ஒழுங்கு கண்ணுக்குத் தெரிந்தது, டாக்டரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை மாற்றினார். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சினைப்பை கொஞ்சம் சீக்கிரமே ஓய்வதும் உண்டு, அதனால் நாற்பதுகளில் கொதிப்பு வந்தால் வயதுக் கோளாறு என்று விடாதீர்கள். பக்கத்து ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுகிற வழக்கம் எவ்வளவு அதிகம் என்று அரசின் குடும்ப நல ஆய்வுகளே காட்டுகின்றன. இத்தனை இளம் வயதில் எடுத்துவிட்டு ஹார்மோன் பேச்சையே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் சினைப்பை எடுத்ததா இல்லையா என்று எழுதியிருக்கும், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், கேட்காமல் விடாதீர்கள். அங்கே பெரும்பாலும் முதலில் எழுதிக்கொடுப்பது மாத்திரைதான். ஒற்றைத் தலைவலி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, தோல் வழி மருந்து தர முடியுமா என்று கேளுங்கள்.

மதிப்பெண் கேட்பீர்கள். ஜெல்லுக்கு ஐந்துக்கு நாலரை, காயும்வரை காத்திருக்க வேண்டியதற்கும் வெளியூர் போகும்போது பாட்டில் சுமப்பதற்கும் அரை குறைத்தேன். பேட்ச்சுக்கு மூன்றரை. மாத்திரைக்கு என் தலையைப் பொறுத்தவரை ஒன்று, ஒற்றைத் தலைவலியோ ரத்தக்கட்டி ஆபத்தோ இல்லாத என் தோழி ஒருத்தி அதே வகை மாத்திரையைப் பல வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் போடுகிறாள். எந்த வகையாக இருந்தாலும் ஒரு அளவில் இரண்டு மூன்று மாதமாவது இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஹார்மோனையும் தடுப்பு மருந்தையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எனக்கு அடுத்த மறுஆய்வு தீபாவளிக்குப் பிறகு, அதில் கேண்டசார்டனைக் குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம், ஜெல் அதே இரண்டு பம்ப்தான்.